ஸ்ட்ராங் பீரின் மதிப்பும் வரியின் அளவுகோலும்: சிவாஜிநகரிலிருந்து ஒரு விலை வரலாறு

பெங்களூரு சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடைப்பட்ட தெருக்களில் பகலெல்லாம் மூட்டை சுமந்த ஒரு தொழிலாளி, மாலையில் மதுக்கடையின் கம்பி வலைக்கு முன்னால் நின்று பீர் வாங்கும்போது இரண்டு செய்திகளையே அறிய விரும்புகிறார்: எது ஸ்ட்ராங், விலை என்ன. சுவை, மணம், நுரை, ஹாப்ஸின் கசப்பு முதலியவை அந்த உரையாடலில் இடம்பெறுவதில்லை. பீரை ஒரு பண்பாட்டுப் பொருளாகக் கருதிச் சுவைத்துப் பேசும் கூட்டம் அதே நகரத்தில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அக்கூட்டத்தின் பார்வையில் மேற்சொன்ன இரண்டு கேள்விகளும் ரசனைக் குறைவின் அடையாளங்கள். ஆனால் வரலாற்றின் பார்வையில் அவை மிகத் தெளிவான கேள்விகள். ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீருக்கு எவ்வளவு கொடுப்பது தகும் என்ற கணக்கைக் குடிப்பவர் தாமாக உருவாக்கிக்கொள்ளவில்லை. படைமுகாமின் மருத்துவர்களும் கலால் அதிகாரிகளும் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக வகுத்த விதிகளுக்கு அவர் தரும் விடை அது.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படை காய்ச்சலால் பெரிதும் பாதிக்கப்பட்டது. 1809இல் அது பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல் அமைந்த அந்த மேட்டுநிலத்தின் குளுமை ஐரோப்பியரின் உடலுக்கு ஏற்றதாகக் கருதப்பட்டது. படையுடன் வந்தவர்களில் பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்: சிப்பாய்கள், குதிரைக்காரர்கள், சமையல்காரர்கள், வண்ணார், தச்சர், கொத்தனார், சரக்கு ஒப்பந்தம் எடுத்த வணிகர். அவர்கள் குடியேறிய பகுதிகளுள் ஒன்றான பிளாக்பள்ளியே விடுதலைக்குப் பின் சிவாஜிநகர் என்று பெயர் பெற்றது. படைமுகாமைக் குறிக்கும் 'தண்டு' என்ற சொல் அப்பகுதியின் தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் இன்றும் நிலைத்திருக்கிறது. 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும் இந்தத் தண்டுப் பகுதி ஒப்படைக்கப்படவில்லை. 1947 வரை அது பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆளுகையில் 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் தனித்து நின்றது. இந்த நகரின் பீர் வரலாறு தண்டுப் பகுதியில்தான் தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவிலிருந்த ஐரோப்பியச் சிப்பாயின் வழக்கமான மது சாராயமே. நாள்தோறும் அளந்து கொடுக்கப்பட்ட சாராயப் படியோடு முகாமுக்கு வெளியிலும் அது மலிவாகக் கிடைத்தது. பீரோ கப்பலில் வரவேண்டியிருந்தது. லண்டனின் பவ் பகுதியில் இருந்த ஹாட்ஜ்சனின் ஆலையும், 1820களிலிருந்து பர்ட்டன் நகரத்து ஆலைகளும் அனுப்பிய பீர் அதிகாரிகளின் மேசைக்கு உரியதாக இருந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு அது எட்டாத விலை. 1857க்குப் பின் இந்தியாவில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் எண்ணிக்கை பெருகியபோது அவர்களது உடல்நலம் அரசியல் சிக்கலாகவே மாறியது. இந்தியாவிலிருந்த படையின் சுகாதார நிலையை ஆராய்ந்த அரச ஆணையம் 1863இல் தன் அறிக்கையை வெளியிட்டது. போரில் இறந்தோரைவிட நோயில் இறந்தோரே மிகுதி என்பது அக்காலத்து விவாதங்களின் மையம். கல்லீரல் நோய்க்கும் ஒழுங்கின்மைக்கும் சாராயத்தைக் காரணமாகக் காட்டிய மருத்துவர்கள், சிப்பாய்களைச் சாராயத்திலிருந்து பீருக்குத் திருப்பவேண்டும் என்றார்கள். பீர் மிதமான மது, நலத்துக்கு ஏற்றது என்னும் கருத்து அரசின் கொள்கையாகவே ஆனது.

ஆனால் இக்கொள்கை ஒரு தடையைச் சந்தித்தது. சிப்பாய்க்கும் கணக்குத் தெரியும். முகாமின் கேண்டீனில் ஒரு குவளை பீருக்குக் கொடுக்கும் காசைக் கொண்டு வெளிக்கடையில் சாராயம் வாங்கினால் போதை பன்மடங்கு கிடைக்கும். அறிவுரையால் இந்தக் கணக்கை மாற்ற இயலாது. பீரின் விலையைக் குறைத்தால்தான் மாறும். கப்பல் கட்டணம் மிகுந்த இறக்குமதி பீரைக்கொண்டு அதைச் செய்ய முடியாது. எனவே இந்திய மண்ணிலேயே பீர் வடிக்கும் முயற்சிகள் படையின் தேவையை நம்பித் தழைத்தன. குளிர்ச்சி தேவைப்பட்ட தொழில் என்பதால் முதல் ஆலைகள் மலைகளில் எழுந்தன: வடக்கே கசௌலியிலும் முர்ரீயிலும், தெற்கே நீலகிரியிலும். நீலகிரியின் காசில் ஆலை 1857 முதல் இயங்கியதாகக் கருதப்படுகிறது. பின்னர் பனிக்கட்டி இயந்திரங்களும் குளிரூட்டும் கருவிகளும் வந்தபோது சமவெளிகளிலும் மேட்டுநிலங்களிலும் பீர் வடிப்பது இயன்றது. பெங்களூரில் பெங்களூர் புரூவிங் கம்பெனி தோன்றியது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நீலகிரி, பெங்களூர், சென்னை ஆகிய இடங்களிலிருந்த ஐந்து ஆலைகளை ஒன்றிணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். பெரிய மரப்பீப்பாய்களில் மாட்டுவண்டிகளில் ஏற்றப்பட்டு அந்நிறுவனத்தின் பீர் படைமுகாம்களுக்குச் சென்றது.

பீரை நலம் தரும் மதுவாகக் கண்ட இந்தப் பார்வையே வரியின் அளவுகோலையும் வகுத்தது. பிளாக்பள்ளியின் தமிழ்த் தொழிலாளர்கள் அருந்தியவை கள்ளும் சாராயமுமே. பீர் அவர்களுடைய மது அன்று. சாராயத்துக்குக் காலனிய அரசு விதித்த தீர்வை 'புரூஃப் கேலன்' கணக்கில் அமைந்தது. கலால் அதிகாரி தம் ஹைட்ரோமீட்டரைச் சாராயத்தில் மிதக்கவிட்டு அதிலுள்ள ஆல்கஹாலின் வலிமையை அளந்து, அவ்வலிமைக்கு ஏற்ப வரி விதித்தார். பீருக்கோ வெறும் கேலன் கணக்கு. எத்தனை கேலன் என்பதே கேள்வி, எவ்வளவு வலிமை என்பதன்று. ஒரே அரசு இரண்டு மதுக்களை இரண்டு அளவுகோல்களால் அளந்தது. அக்காலத்து நிலையில் இதற்கு நியாயம் உண்டு. பீர்களின் வலிமை பெரிதும் வேறுபடவில்லை. அதைக் குடித்தவர்களும் அரசு ஊக்குவிக்க விரும்பிய ஒரு சிறு கூட்டத்தினர். அளவு மட்டும் பார்த்தால் போதும் என்ற எளிய நடைமுறை அவ்வாறு வேரூன்றியது.

அதே காலத்தில் பிரிட்டன் வேறொரு வழியில் சென்றது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட்டின்மீது, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின்மீது இருந்த வரியை நீக்கிவிட்டு, நொதிக்கவிருக்கும் கரைசலின் அடர்த்தியை அடிப்படையாகக் கொண்ட வரியைப் புகுத்தினார். கரைசல் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வலிய பீர். அவ்வளவு மிகுதியான வரி. இதன்பின் வலிய பீரை வடிப்பதில் வரிச்சலுகை ஏதும் இல்லாமற்போனது. அடுத்தடுத்த பத்தாண்டுகளிலும், சிறப்பாக முதல் உலகப்போர்க் காலத்திலும், பிரிட்டிஷ் பீரின் சராசரி வலிமை குறைந்துகொண்டே வந்ததற்கு இவ்வகை வரியும் ஒரு காரணம். வரியின் அடிப்படை எதுவோ, அதைச் சுற்றியே பீரின் இயல்பும் உருப்பெறும் என்பதற்கு இது தெளிவான சான்று. இந்தியாவில் அடிப்படை லிட்டராக நின்றது. இந்திய பீரும் அதற்கேற்ற உருவத்தைப் பெற்றது.

1947இல் தண்டுப் பகுதி மைசூருடன் இணைந்தது. அதே ஆண்டில் விட்டல் மல்லையா யுனைடெட் புரூவரீஸின் முதல் இந்திய இயக்குநரானார். அடுத்த ஆண்டு தலைவரானார். படையை நம்பியிருந்த ஒரு தொழில் குடிமக்களை நோக்கித் திரும்பவேண்டிய நேரம் அது. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை நோக்கி மாநிலங்கள் முயலவேண்டும் என்றது. ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியல் 51ஆம் பதிவோ மனிதர் அருந்தும் மதுவின்மீது கலால் வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கே அளித்தது. ஒரு கையில் விலக்கு, மறு கையில் வருவாய். அண்டையிலிருந்த சென்னை மாகாணம் 1948இல் முழு மதுவிலக்கை ஏற்று 1971 வரை அதில் நின்றது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும் மது அதற்கு வெளியே வைக்கப்பட்டது. மாநிலங்கள் தம் விருப்பப்படி வரி விதிக்கக்கூடிய மிகச் சில பொருள்களுள் மது ஒன்று. 2025-26ஆம் ஆண்டுக்குக் கர்நாடக அரசு நிர்ணயித்த கலால் வருவாய் இலக்கு 40,000 கோடி ரூபாய். சிவாஜிநகரில் திறக்கப்படும் ஒவ்வொரு பாட்டிலும் இந்த இலக்கில் ஒரு சிறு பங்கு.

ஸ்ட்ராங் பீர் ஒரு பெருவழக்காக எழுந்தது 1980களில். ஷா வாலஸ் நிறுவனத்தின் ஹேவர்ட்ஸ் 5000 அவ்வகையின் பெயரையே மக்கள் நாவில் நிறுத்தியது. பெங்களூரில் வடிக்கப்பட்ட நாக் அவுட் கர்நாடகத்தில் பரவியது. 1990களின் இறுதியில் வந்த கிங்ஃபிஷர் ஸ்ட்ராங் நாட்டில் மிக அதிகமாக விற்கும் பீராக வளர்ந்தது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மதுபான விதிகளின்படி 5 விழுக்காடு வரை ஆல்கஹால் உள்ளது மைல்டு. அதற்கு மேல் 8 விழுக்காடு வரை உள்ளது ஸ்ட்ராங். இன்று இந்தியாவில் விற்கும் பீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. உலகின் பெரும்பாலான பீர்ச் சந்தைகளில் காணக்கிடைக்காத விகிதம் இது.

இவ்வகை பீர் வடிக்கப்படும் முறையும் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ள உதவுகிறது. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலாக மாற்றுகிறது. கரைசலில் நொதிக்கும் சர்க்கரை கூடினால் ஆல்கஹாலும் கூடும். மால்ட்டை மட்டும் கொண்டு 8 விழுக்காட்டை எட்டுவது செலவு மிக்க வழி. அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை ஆகியவற்றைச் சேர்ப்பது மலிவான வழி. அவ்வாறு சேர்த்தால் ஆல்கஹால் உயரும், மால்ட்டின் உடலும் மணமும் மெலியும். ஆகவே மலிவு ஸ்ட்ராங் பீரில் தானியச் சுவையைவிட ஆல்கஹாலின் வெப்பமும் லேசான இனிப்பும் மேலோங்கி நிற்கின்றன. மிகக் குளிரவைத்துப் பருகும் வழக்கம் இக்குறையை மறைக்கிறது. 5 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காட்டுக்கு ஏற்றுவதால் ஆலைக்கு ஆகும் கூடுதல் மூலப்பொருள் செலவு பாட்டிலின் விலையில் மிகச் சிறிய பகுதி; மிகப் பெரிய பகுதி வரியே.

இங்குதான் தொழிலாளியின் கணக்கு தொடங்குகிறது. வழக்கமான பெரிய பீர் பாட்டில் 650 மில்லி. 5 விழுக்காடு மைல்டு பீரில் தூய ஆல்கஹால் 32.5 மில்லி. 8 விழுக்காடு ஸ்ட்ராங்கில் 52 மில்லி; அதாவது அறுபது விழுக்காடு கூடுதல். இரண்டுக்கும் வரி லிட்டர் கணக்கிலோ விலையின் விழுக்காட்டிலோ அமைந்தால், விலையில் சில ரூபாய் வேறுபாடே இருக்கும். ஏறக்குறைய அதே காசுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கிடைக்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பவரை அறியாமை மிக்கவர் என்பதா? அரிசியையும் எண்ணெயையும் அளந்து வாங்கும் அதே கண் இங்கும் அளக்கிறது. 1860களின் சிப்பாய் கேண்டீனில் செய்த கணக்கும் இதுவே. இந்தியர் வெப்ப நாட்டினர் என்பதால் வலிய மதுவை விரும்புகிறார்கள் என்றும், சாராயம் பழகிய நாக்குக்கு மென்மையான பீர் ஒவ்வாது என்றும் சொல்லப்படும் விளக்கங்களில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அதே நாட்டினர் கையில் காசு கூடும்போது மென்மையான, விலை மிகுந்த பீருக்கு எளிதாக மாறுகிறார்கள். வெப்பமும் பழக்கமும் மட்டுமே காரணங்கள் என்றால் இம்மாற்றம் நிகழ்ந்திருக்காது.

விலை எவ்வாறு உருவாகிறது என்பதிலும் குடிப்பவருக்குப் பேரம் பேச இடமில்லை. 2003 முதல் கர்நாடகத்தில் மதுவின் மொத்த விற்பனை முழுவதும் அரசின் பானங்கள் கழகத்தின் கையில். ஆலை கழகத்துக்கு விற்கிறது. கழகம் உரிமம் பெற்ற கடைகளுக்கு விற்கிறது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் சில்லறை விற்பனையையும் தானே நடத்த, கர்நாடகத்தில் சில்லறை தனியாரிடம் பெரிதும் இருக்கிறது. சி.எல்.2 உரிமக் கடை அச்சிட்ட அதிகபட்ச விலைக்கே விற்கவேண்டும். அங்கே அமர்ந்து குடிக்க அனுமதியில்லை. சி.எல்.9 உரிமம் பெற்ற பாரில் அமரலாம். ஆனால் விலை கூடும். ஒரே அறை கொண்ட வீட்டில் மனைவி மக்களோடு வாழும் தொழிலாளிக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. உட்கார இடம் வேண்டுமெனில் அதற்கும் பாட்டில் கணக்கிலேயே வாடகை தரவேண்டும்.

ஆலைகளுக்கு இடையே போட்டி இருந்தாலாவது விலை குறையும் என்று எதிர்பார்க்கலாம். 2021 செப்டம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் வெளியிட்ட ஆணை அந்த எதிர்பார்ப்பைக் கேள்விக்குள்ளாக்கியது. பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் பீர் நிறுவனங்கள் தம்முள் கூடி விலை பற்றிய முடிவுகளை ஒருங்கிணைத்தன என்று கண்ட ஆணையம், யுனைடெட் புரூவரீஸ், கார்ல்ஸ்பெர்க் இந்தியா ஆகியவை உள்ளிட்ட தரப்புகளுக்கு 870 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உண்மையை முதலில் வெளிப்படுத்திய ஆன்ஹைசர் புஷ் இன்பெவ் தரப்புக்கு அபராத விலக்கு கிடைத்தது. 2022 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவ்வாணையை உறுதிசெய்தது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்தை நாடின. விலையின் ஒரு முனையில் அரசு, மறு முனையில் சில பெரிய நிறுவனங்கள். இடையில் நிற்பவர் தேர்ந்தெடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று: கொடுத்த காசுக்கு உள்ளே எவ்வளவு ஆல்கஹால் என்பது.

ஆயினும் ஆல்கஹாலின் அளவை மட்டும் வைத்து மதிப்பிட்டால் ஒரு பெரிய செய்தி விடுபட்டுவிடும். மூடியிட்ட பாட்டில் உயிருக்கு உறுதி தருகிறது. 1981 ஜூலையில் பெங்களூரில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளிகள். அதன்பின்னும் சாராயம் நெகிழிப் பாக்கெட்டுகளில் கர்நாடகம் முழுதும் விற்றது. பெண்கள் இயக்கங்கள் நெடுநாள் எழுப்பிய கோரிக்கையின் பின்னணியில் 2007 ஜூலை 1 முதல் அரசு சாராயத்தைத் தடைசெய்தது. ஓராண்டு நிறைவதற்குள், 2008 மே மாதத்தில், பெங்களூரையும் அதன் சுற்றுவட்டத்தையும் எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் மீண்டும் நச்சுச் சாராயம் தாக்கியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலிவான, சட்டத்துக்குட்பட்ட மது எட்டாத தொலைவுக்குச் செல்லும்போது ஏழைக் குடிகாரர் குடியை விட்டுவிடுவார் என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதை அந்தச் சாவுகள் காட்டின. மூடியும் முத்திரையும் கொண்ட பாட்டிலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசில் ஒரு பகுதி, மறுநாள் கண் தெரியும், வேலைக்குப் போகலாம் என்ற உறுதிக்கான விலை.

அந்த உறுதியையும் குடிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் நிரம்பிய குவளையில் கவிழ்த்து, எண்ணெய்போல் இழையிழையாக இறங்குவதைக் காட்டி 'கிளிசரின் போகிறது' என்று சொல்லும் வழக்கம் நாடெங்கும் உண்டு. பீரைக் கெடாமல் வைக்கக் கிளிசரின் கலக்கிறார்கள் என்பது நெடுங்கால நம்பிக்கை. உண்மையில் இறங்குவது தண்ணீரைவிடச் சற்று அடர்த்தியான பீரேதான். அதற்கு ஈடாகப் பாட்டிலுக்குள் ஏறுவது தண்ணீர். வேதியியல் நோக்கில் பயனற்ற இச்சடங்கு, சமூக நோக்கில் பொருள் மிக்கது. தன் கையில் தரப்பட்ட பொருளைத் தானே சோதித்துப் பார்க்கும் உரிமையைக் குடிப்பவர் இவ்வாறு நிலைநாட்டுகிறார். சோதனைச்சாலையும் ஹைட்ரோமீட்டரும் அதிகாரியிடம் இருக்க, அவரிடம் இருப்பது ஒரு குவளைத் தண்ணீரே.

இப்பின்னணியில் 2025 ஜனவரி 20 முதல் கர்நாடகத்தில் நடைமுறைக்கு வந்த வரி மாற்றம் வரலாற்று முக்கியத்துவம் உடையது. அதன்படி 5 விழுக்காடு வரை ஆல்கஹால் உள்ள பீருக்கு அடிப்படைக் கலால் வரி லிட்டருக்கு 12 ரூபாய். அதற்கு மேல் 8 விழுக்காடு வரை உள்ளதற்கு 20 ரூபாய். இவற்றோடு கூடுதல் கலால் வரி 195 விழுக்காடு அல்லது லிட்டருக்கு 130 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. அவ்வாண்டிலேயே கூடுதல் கலால் மீண்டும் திருத்தப்பட்டது எனினும், ஜனவரி விதியின் அமைப்பே இங்கு ஆய்வுக்குரியது. வலிமைக்கு ஏற்ப இருவேறு வீதம் என்பதால், ஹைட்ரோமீட்டர் இறுதியில் பீர் பாட்டிலுக்குள்ளும் இறங்கிவிட்டது போலத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அது மேற்பரப்போடு நின்றுவிட்டது புலனாகும்.

650 மில்லி பாட்டிலுக்கு அடிப்படை வரி மைல்டுக்கு 7 ரூபாய் 80 காசு, ஸ்ட்ராங்குக்கு 13 ரூபாய். வேறுபாடு 5 ரூபாய் 20 காசு மட்டுமே. குறைந்தபட்சக் கூடுதல் கலால் இரண்டுக்கும் ஒன்றே: 84 ரூபாய் 50 காசு. ஆக மைல்டு பாட்டிலின் குறைந்தபட்ச வரி 92.30 ரூபாய், ஸ்ட்ராங் பாட்டிலின் குறைந்தபட்ச வரி 97.50 ரூபாய். தூய ஆல்கஹால் ஒரு மில்லிக்கு என்று வகுத்தால் மைல்டு அருந்துபவர் செலுத்திய வரி 2 ரூபாய் 84 காசு. 8 விழுக்காடு ஸ்ட்ராங் அருந்துபவர் செலுத்தியது 1 ரூபாய் 88 காசு. மைல்டின் வீதத்திலேயே ஸ்ட்ராங்கின் ஆல்கஹாலுக்கும் வரி விதித்தால் அந்தப் பாட்டில் ஏறத்தாழ 148 ரூபாய் செலுத்தவேண்டும். வலிமையைத் தண்டிப்பதாகத் தோன்றிய விதி, உண்மையில் ஒவ்வொரு ஸ்ட்ராங் பாட்டிலுக்கும் ஏறத்தாழ 50 ரூபாய்ச் சலுகையைத் தொடர்ந்து தந்தது. பழைய கேலன் கணக்கு லிட்டராகப் பெயர் மாறி உயிரோடிருந்தது.

அதே விதியின் மறுபாதி வேறு திசையில் வெட்டியது. லிட்டருக்கு 130 ரூபாய் என்ற தரைமட்டம் யாரைத் தொடும்? ஆலை விலை பாட்டிலுக்கு 43 ரூபாய் 33 காசுக்குக் குறைவாக உள்ள பீரை மட்டுமே. எடுத்துக்காட்டாக ஆலை விலை 30 ரூபாயாக உள்ள பாட்டிலுக்கு 195 விழுக்காடு என்றால் 58.50 ரூபாய் வரி வரும். தரைமட்டத்தால் அது 84.50 ரூபாயாகிறது, அதாவது 280 விழுக்காட்டுக்கு மேல். ஆலை விலை 80 ரூபாயாக உள்ள உயர்ரகப் பாட்டிலுக்கு விழுக்காடு 195ஆகவே நிற்கும். கடை விலையிலும் இது உடனே எதிரொலித்தது. அப்போது செய்தித்தாள்கள் வெளியிட்ட பட்டியலின்படி லெஜெண்ட் 100 ரூபாயிலிருந்து 145 ரூபாயாகவும், பவர் கூல் 130இலிருந்து 155ஆகவும், பிளாக் ஃபோர்ட் 145இலிருந்து 160ஆகவும் உயர்ந்தன. வுட்பெக்கர் கிரெஸ்ட் 240இலிருந்து 250ஆக உயர்ந்தது. அடித்தட்டில் உயர்வு 45 விழுக்காடு. மேல்தட்டில் 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது.

மலிவு மதுவின் விலையை உயர்த்துவது பொதுநலத்துக்கு நல்லது என்ற வாதத்தைத் தள்ளிவிட இயலாது. விலை உயர்ந்தால் நுகர்வு குறையும் என்பதற்கு உலகெங்கும் சான்றுகள் உண்டு. ஸ்காட்லாந்து 2018 மே மாதத்தில் குறைந்தபட்ச விலையை நடைமுறைப்படுத்தியது. ஆனால் அங்கே அது ஆல்கஹால் அலகுக்கு 50 பென்ஸ் என்று வகுக்கப்பட்டது, பின்னர் 65 பென்ஸாக உயர்த்தப்பட்டது. பீரோ வோட்காவோ எதுவாயினும் அலகு ஒன்றே என்பதால், ஒரு மதுவை விட்டு அதனினும் வலிய மதுவுக்குத் தாவுவதால் குடிப்பவருக்கு ஆதாயமில்லை. கர்நாடகத்தின் தரைமட்டம் பீரின் லிட்டரை மட்டும் பிடித்தது. பக்கத்து அலமாரியில் 90 மில்லி காகிதப் பொதியில் மலிவு விஸ்கி இருக்கிறது; 42.8 விழுக்காடு வலிமையில் அதனுள் 38.5 மில்லி தூய ஆல்கஹால். விலை ஒரு பாட்டில் பீரைவிட மிகக் குறைவு. பீரின் விலை ஒரே நாளில் 45 ரூபாய் ஏறும்போது தொழிலாளியின் கணக்கு எத்திசையில் திரும்பும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. 1860களில் மருத்துவர்கள் சிப்பாயைச் சாராயத்திலிருந்து பீருக்கு அழைத்துவர விலையைக் கருவியாக்கினார்கள். 2025இல் அதே தண்டுப் பகுதியில் விலை என்ற அதே கருவி, தொழிலாளியைப் பீரிலிருந்து வலிய மதுவுக்கு அனுப்பும் திசையில் திருப்பி வைக்கப்பட்டது.

இக்கணக்கில் பாட்டிலைத் தொடாத ஒருவரும் இருக்கிறார். தொழிலாளியின் மனைவி. அவருக்குப் பாட்டிலின் மதிப்பு மில்லியில் இல்லை. அன்றைய கூலியிலிருந்து அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் மிஞ்சுவது எவ்வளவு என்பதில் இருக்கிறது. வரி உயர்வு கணவனின் குடியைக் குறைத்தால் அவருக்கு ஆதாயம். குறைக்காமல் செலவை மட்டும் உயர்த்தினால் உயர்ந்த வரியைச் செலுத்துபவர் உண்மையில் அவரே. சாராயத் தடைக்காகக் குரல் கொடுத்த பெண்களின் கோரிக்கையில் இந்தக் கணக்கே அடங்கியிருந்தது. கலால் வருவாயை மதிப்பிடும் ஆய்வுகளில் நுகர்வோர் என்ற சொல்லுக்குள் இந்தப் பெண்கள் மறைந்துபோகிறார்கள். மதுவின் விலை வரலாறு குடும்பத்தின் வரலாறாகவும் எழுதப்படவேண்டியதன் காரணம் இது.

லீஷ்மனின் நிறுவனம் 2021இல் நெதர்லாந்தின் ஹைனெக்கென் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. பெங்களூரில் அதன் பழைய ஆலை நின்ற நிலத்தில் இன்று யு.பி. சிட்டி என்ற ஆடம்பர வணிக வளாகம் நிற்கிறது. அதை ஒட்டிச் செல்லும் சாலைக்கு விட்டல் மல்லையாவின் பெயர். சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்திலிருந்து அதன் கோபுரங்கள் அதிகத் தொலைவில் இல்லை. 2010களில் அச்சுற்றுவட்டத்தில் பெருகிய நுண்பீர் ஆலைகளில் ஒரு குவளையின் மதிப்பு சுவை, சூழல், தோழமை ஆகியவற்றால் அளக்கப்படுகிறது. அங்கே அமர்ந்திருப்பவருக்கு ஆல்கஹாலின் மில்லிக் கணக்கு தேவைப்படுவதில்லை. அவரது கூலி அவரை அந்தக் கணக்கிலிருந்து விடுவித்திருக்கிறது.

ரஸ்ஸல் மார்க்கெட்டின் தொழிலாளிக்கு அந்த விடுதலை இல்லை. எது ஸ்ட்ராங், என்ன விலை என்று அவர் கேட்கும்போது, லிட்டரை அளந்து வலிமையை அளக்க மறந்த ஒரு வரிமுறையின் உள்ளுறையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். ஒரு ஸ்ட்ராங் பீருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு அவரது விடை எளியது: உள்ளே இருக்கும் ஆல்கஹாலுக்கும் மேலே இருக்கும் மூடிக்கும் தகுந்த காசு. வலிமைக்கு ஏற்ற வரியும், எல்லா மதுவுக்கும் ஒரே அளவுகோலும் வரும் நாளில் அவர் கேட்கும் கேள்விகளும் மாறக்கூடும். அதுவரை கலால் துறையின் ஆவணங்களைப் படிப்பவர்கள் பாட்டிலின் கழுத்தில் அச்சிட்ட விலையையும், வயிற்றில் அச்சிட்ட விழுக்காட்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது. தொழிலாளி நெடுநாளாக அப்படித்தான் படிக்கிறார்.